முதலில் பேர், அப்புறம் வேர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பழத்தைப் பற்றியவை: ராஸ்பெர்ரி. ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் பூச்சாடிக் கடைகளுக்கும் செடிக் கடைகளுக்கும் நடுவே குடியிருக்கிறேன். வாங்கிய செடியை அப்படியே தூக்கிக்கொண்டு என் வீட்டு அஞ்சடித் தாழ்வாரத்துக்கு வந்து, "இது நிஜமாகவே ராஸ்பெர்ரிதானா அக்கா?" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதில்கள்.

கேள்வி: அப்பா கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் எங்களோடு இருக்க வருகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்செடி புதராக நிற்கிறது. அதை விட்டுவிட்டு வர மனமில்லை என்கிறார். பக்கத்து வீட்டார் அதை ராஸ்பெர்ரி என்கிறார்கள். பெயர்த்து வந்தால் இங்கே பிழைக்குமா?
*– வாசகி, ஆயர் ஈத்தாம்*

அது எந்த ராஸ்பெர்ரி என்பதைப் பொறுத்தது. மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அப்பாவிடம் நான்கு விஷயம் கேளுங்கள். பழத்தைப் பறித்தால் உள்ளே குழி இருக்கிறதா? ஓர் இலைக்காம்பில் எத்தனை சிற்றிலைகள்? பூ வெள்ளையா, இளஞ்சிவப்பா? தண்டில் விரலால் தேய்த்தால் போகும் வெண்மாவு இருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் வந்தால் செடியின் பேர் வந்துவிடும். பேர் தெரிந்தால்தான் வேரில் கை வைக்கலாம். எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: பழத்தின் குழியில் அப்படி என்ன இருக்கிறது?
*– மாணவர், குளுவாங்*

குழியில் ஒன்றும் இல்லை. அதுதான் அடையாளம். ராஸ்பெர்ரியைப் பறித்தால் நடுவில் இருக்கும் வெள்ளைக் கூம்பு செடியிலேயே தங்கிவிடும். பழம் தொப்பி மாதிரி தனியாகக் கழன்று வரும். பிளாக்பெர்ரியைப் பறித்தால் அந்தக் கூம்பு பழத்தோடு சேர்ந்தே வந்துவிடும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பாகப் பழுக்கும் ராஸ்பெர்ரி உண்டு, மஞ்சளாகப் பழுப்பதும் உண்டு. பழுக்காத பிளாக்பெர்ரி சிவப்பாகத்தான் இருக்கும். குழி மட்டும் பொய் சொல்லாது.

கேள்வி: ராஸ்பெர்ரி என்று சொல்லித்தான் விற்றார்கள். எட்டு மாதத்தில் பழமும் வந்தது. ஆனால் முள்ளே இல்லை. முள் இல்லாத ரகமா?
*– வாசகர், யோங் பெங்*

இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது மல்பெரி. பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இதுதான். பழத்தின் நடுவே பச்சைக் காம்பு ஊடுருவிப் போகும், குழி விழாது. இலை தனி இலையாக இருக்கும், சிற்றிலைகளாகப் பிரியாது. எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கடையில் ராஸ்பெர்ரி என்று வாங்கி வந்து, முள் வரும் வரும் என்று மாதக்கணக்கில் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து பேர் அட்டையைப் படிப்பதற்கு முன் இலையைப் படிக்கிறேன்.

மல்பெரியைத் தூக்கி எறியாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது அருமையான செடி. பென்சில் பருமன் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். பேரை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நாக்கைக் கறுப்பாக்கும் ஒரு பழம் தின்போம். அது காட்டு ராஸ்பெர்ரியா?
*– வாசகர், மச்சாப்*

இல்லை. மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று சொல்லும் செடி அது. ஊதாப் பூ, இலையில் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள், காய் முதிர்ந்தால் தானாக வெடித்துக் கருநீலச் சதையைக் காட்டும். அதன் அறிவியல் பெயர் மெலஸ்டோமா. கிரேக்கத்தில் அதற்குக் 'கறுத்த வாய்' என்று பொருள். தோட்டத்துப் பிள்ளைகள் நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிய விஷயத்தைத்தான் தாவரவியலாரும் பெயராக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வேலியில் முள்ளோடு ஒரு செடி, கொத்தாகக் கறுப்புப் பழம். பேரப்பிள்ளைகள் பறிக்கப் பார்க்கிறார்கள். ராஸ்பெர்ரிதானே, தின்னலாமா?
*– பாட்டி, பாரிட் ராஜா*

வேண்டாம் அம்மா, முதலில் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது உண்ணிச்செடியாக இருக்கலாம். அதன் பச்சைக் காய் நஞ்சு. வித்தியாசம் சுலபம். உண்ணிச்செடியின் தண்டு நாற்கோணமாக இருக்கும், இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும், கசக்கினால் நெடி அடிக்கும். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ராஸ்பெர்ரியின் இலைகள் மாறி மாறி வரும், பூவுக்கு ஐந்து இதழ். அது ரோஜாக் குடும்பத்துச் செடி. பேர் உறுதியாகும்வரை எந்தக் காட்டுப் பழமும் வாய்க்குப் போகக் கூடாது.

கேள்வி: ராஸ்பெர்ரியின் மேல் மெல்லிய முடி முடியாக இருக்கிறதே, பூச்சியா, பூஞ்சையா?
*– வாசகி, சிம்பாங் ரெங்காம்*

இரண்டும் இல்லை. ஒரு ராஸ்பெர்ரி என்பது ஒரே பழம் இல்லை. பல குட்டிப் பழங்கள் ஒட்டிய கூட்டம். ஒவ்வொரு குட்டிப் பழமும் பூவிலிருந்த ஒவ்வொரு சூலகத்திலிருந்து வந்தது. அந்தச் சூலகத்தின் தண்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நீங்கள் பார்க்கும் முடி. கவலைப்படாமல் சாப்பிடுங்கள். நாள் கடந்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் படரும், அதுதான் பூஞ்சை. அதைச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: பேரங்காடியில் வாங்கிய சிவப்பு ராஸ்பெர்ரியின் விதையைப் போட்டேன், முளைக்கவில்லை. நாற்று வாங்கி வைத்தால் காய்க்குமா?
*– வாசகர், ஜொகூர் பாரு*

குளிர்நாட்டுச் சிவப்பு ராஸ்பெர்ரிக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையில் காய்க்கும் பல ரகங்களுக்கு, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கும் மேல் குளிர் வேண்டும். அவ்வளவு குளிரில் உறங்கி எழுந்தால்தான் மொட்டு பூவாகும். விதையும் அப்படியே, ஈரக் குளிரில் சில மாதம் கிடந்தால்தான் கண் திறக்கும்.

நமக்கு அந்தக் குளிர் எங்கே? இந்த நாட்டு வானிலைப் பதிவேட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1 அன்று பதிவான 7.8 டிகிரிதான். நம் சரித்திரத்தின் மிகக் குளிர்ந்த விடியலே ராஸ்பெர்ரியின் குளிர்க் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. இதில் நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. பனி பெய்யும் ஊர்ச் செடியிடம் நாம் கேட்டது அதிகம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் கேமரன் மலையில் ராஸ்பெர்ரி பறித்தோம் என்று சொல்பவர்கள்?
*– அதே வாசகரின் மனைவி*

உண்மையைத்தான் சொல்கிறார்கள். ராஸ்பெர்ரி ஒரே இனம் இல்லை, பெரிய குடும்பம். நம் மலைகளுக்கு ஏற்ற உறவுகள் அதில் இருக்கின்றன.

முதலாவது, ரோஜா இலை ராஸ்பெர்ரி. ரூபஸ் ரோசிஃபோலியஸ் என்பது அறிவியல் பெயர். இமயமலை அடிவாரம் தொடங்கி ஆஸ்திரேலியாவரை இயல்பாக வளர்வது. ஓர் இலைக்கு மூன்று முதல் ஏழு சிற்றிலைகள், இரு பக்கமும் பச்சை, பெரிய வெள்ளைப் பூ, குழி விழும் சிவப்புப் பழம்.

இரண்டாவது, திராட்சை இலை மாதிரி மடல் மடலான தனி இலையும், இலைக்கு அடியில் துரு நிறக் கம்பளியும் கொண்டு, கொக்கி முள்ளால் மரத்தில் ஏறும் ரூபஸ் மொலுக்கானஸ். காட்டு ஓரங்களில் பார்க்கலாம்.

மூன்றாவது, நம் பெரியவர்களின் ஊரிலிருந்தே பேர் வாங்கிய மைசூர் ராஸ்பெர்ரி, ரூபஸ் நிவேயஸ். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் புதர் புதராக நிற்பது. தண்டு முழுக்க வெண்மாவு பூசியிருக்கும், இலைக்கு அடியில் வெள்ளை, பூ இளஞ்சிவப்பு, பழம் சிவப்பில் தொடங்கிக் கறுப்பில் முடியும்.

இவற்றுக்குப் பனி தேவையில்லை. மைசூர் ராஸ்பெர்ரியைக் கடல்மட்டத்தை ஒட்டிய தென் ஃபுளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்க்கிறார்கள்.

கேள்வி: மஞ்சளாகப் பழுக்கும் ஒன்றை ஊட்டியில் சாப்பிட்டேன். தண்டெல்லாம் செம்பு நிற முடி. அதுவும் ராஸ்பெர்ரியா?
*– வாசகி, பத்து பகாட்*

ஆமாம். ஓர் இலைக்கு மூன்று சிற்றிலைகள்தானே? ரூபஸ் எலிப்டிகஸ். மலைவழியில் நடப்பவர்களுக்கு நல்ல துணை. ஊட்டியில் சாப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்று நம்புகிறேன். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: அடுத்த வாரம் குன்னூருக்குப் போகிறேன். சொந்தக்காரர் வீட்டில் மைசூர் ராஸ்பெர்ரி இருக்கிறது. ஈரத் துணியில் சுற்றி ஒரு தண்டு கொண்டு வந்தால் போதும்தானே?
*– வாசகர், குளுவாங்*

போதாது, கூடவும் கூடாது. இந்த நாட்டில் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுச் செடிக்கு இங்கே இறக்குமதி அனுமதி வேண்டும். அங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டிக்குள் ஒளித்த ஒரு தண்டில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் நச்சுயிரியும் சேர்ந்து பயணம் செய்யும்.

ரப்பரை நினைத்துப் பாருங்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அவைதான் தொடக்கம். நம் தாத்தா பாட்டி கப்பலேறியதும் அந்தத் தோட்டங்களை நம்பித்தான். ரப்பரின் தாய்நாட்டில் ஓர் இலைக்கருகல் நோய் இருக்கிறது. பிரேசிலில் ஹென்ரி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய பெரிய தோட்டத்தை நாசமாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு. அந்த நோய் இன்றுவரை நம் மரங்களைத் தொடாமல் இருப்பதற்கு, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் காக்கும் கண்டிப்பும் ஒரு காரணம். அந்தக் கண்டிப்பை ஒரு பழ ஆசைக்காக உடைக்காதீர்கள்.

இன்னொன்று. பறவை தின்று விதையைப் போடும் இடமெல்லாம் இந்த ராஸ்பெர்ரிகள் முளைக்கும். கலாபகஸ் தீவுகளின் மேட்டுக் காடுகளில் மைசூர் ராஸ்பெர்ரி பரவி, உள்ளூர்ச் செடிகளுக்கு மூச்சு முட்டுகிறது. போன கேள்வியில் வந்த மஞ்சள் ராஸ்பெர்ரி, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பெயரில் வெளிவந்த பட்டியலில் இருக்கிறது. குன்னூரில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: இரண்டு வருஷமாக ஒரு ராஸ்பெர்ரி வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு தடவை எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிடுகிறேன். ஒரு பழம்கூட இல்லை. ஏன்?
*– வாசகர், யோங் பெங்*

வாழையைத் தெரியும்தானே? குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது. அதை வெட்டிவிட்டுப் பக்கக்கன்றை வளர்க்கிறோம். ராஸ்பெர்ரியும் வாழையடி வாழைதான். வேர் பல ஆண்டு வாழும். தண்டு மட்டும் முளைத்து, வளர்ந்து, ஒரு தடவை காய்த்து, காய்ந்து போகும். குளிர்நாட்டுப் பழைய ரகங்களில் முதல் ஆண்டு தண்டு வளரும், இரண்டாம் ஆண்டு காய்க்கும். நீங்கள் காய்க்கப் போகும் தண்டையும் சேர்த்து வெட்டிவிடுகிறீர்கள்.

பட்டை பழுப்பாகி உரிவது காய்த்து ஓய்ந்த தண்டு, அதை வெட்டுங்கள். பச்சையாக நிமிர்ந்து வருவது நாளைய தண்டு, அதை விட்டுவிடுங்கள். நியூயார்க் மாநிலத்தில் உருவாக்கி 1969-இல் வெளியிட்ட ஹெரிடேஜ் மாதிரி, முதல் ஆண்டுத் தண்டின் நுனியிலேயே காய்க்கும் ரகங்களும் உண்டு. உங்களுடையது எது என்று தெரியாதவரை பச்சைத் தண்டில் கத்தி படக் கூடாது.

கேள்வி: வளர்ந்து நிலைத்த செடியைப் பெயர்த்து நடுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.
*– பல வாசகர்கள்*

முதல் சொல்லே இதுதான்: புதரைப் பெயர்க்காதீர்கள், கன்றைப் பெயர்த்தெடுங்கள். நான் ஒரு தடவை ஆசைப்பட்டு, ஆள் உயரப் புதரை அப்படியே தோண்டித் தூக்கினேன். அடிக்கட்டை மரத்துப் போயிருந்தது. உறிஞ்சும் சின்ன வேரெல்லாம் பழைய மண்ணிலேயே அறுந்து தங்கிவிட்டது. மூன்றே வாரத்தில் கருகிவிட்டது. அதே புதரின் பக்கத்தில் முழ உயரத்தில் நின்ற கன்றைப் பிறகு எடுத்து நட்டேன். அது பிழைத்தது.

கறிவேப்பிலைக் கன்று எடுக்கத் தெரிந்த எவருக்கும் இது கைவந்த வேலை. தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து கன்று முளைக்கும். இலை பச்சையாக, சுருக்கமோ மஞ்சள் திட்டோ இல்லாத கன்றாகப் பாருங்கள். இலையில் திட்டுத் திட்டாக வெளுப்பு இருந்தால் அது நச்சுயிரியாக இருக்கலாம். அந்தக் குடும்பத்திலிருந்து கன்றே எடுக்காதீர்கள். நோயைப் பெயர்த்து நட்டால் நோய்தான் தழைக்கும்.

முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கன்றின் தண்டை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுங்கள். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். வேர் பாதி அறுந்த செடியால் முழுத் தலைக்கும் தண்ணீர் தூக்க முடியாது. தண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்குங்கள். தாயோடு இணைக்கும் வேரைச் சுத்தமாக வெட்டி, மண் உதிராமல் கட்டியாகத் தூக்கி ஈரச் சாக்கில் வையுங்கள்.

புதுக் குழி தயாராகக் காத்திருக்க வேண்டும். கன்று குழிக்காகக் காத்திருக்கக் கூடாது. பழைய இடத்தில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழம் கூடினால் புதுக் குருத்து மேலே வரத் திணறும். கையால் அழுத்தி, தண்ணீர் விட்டு, மேலே இலைதழை மூடாக்கு. இரண்டு வாரம் தென்னோலை நிழல். முதல் மாதம் உரம் எதுவும் வேண்டாம். ஒரு கன்றுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று சாண் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: என் மைசூர் ராஸ்பெர்ரி பக்கக்கன்றே விடவில்லை. எதை எடுப்பது?
*– வாசகி, ரெங்கிட்*

அது வேரில் பிள்ளை பெறுவதைவிடத் தலையில் பெறுவதை விரும்பும் செடி. நீண்ட தண்டு வளைந்து நுனி தரையைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். நீங்களே ஒரு தண்டை வளைத்து, மண் நிறைத்த சின்னத் தொட்டியில் நுனியை மூன்று விரல் ஆழம் புதைத்து, மேலே கல் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் புதுக் குருத்து நிமிர்ந்து வரும். அதன்பிறகு தாயோடு இருக்கும் தொடர்பை வெட்டினால் போதும். தோண்டவே வேண்டாம், வேருக்குக் காயமே இல்லை. தரையில் தானாக வேர்விட விட்டுவிடாதீர்கள். அப்புறம் உங்கள் முற்றம் அதற்குச் சொந்தமாகிவிடும்.

கேள்வி: குளிர்நாட்டில் இலை உதிர்ந்து செடி உறங்கும்போது பெயர்ப்பார்களாமே. நமக்கு அந்தப் பருவம் எது?
*– ஆசிரியர், பத்து பகாட்*

நமக்கு உறக்கமே இல்லை, மழைதான் இருக்கிறது. அங்கே குளிரைப் பார்த்துப் பெயர்க்கிறார்கள், இங்கே தண்ணீரைப் பார்த்துப் பெயர்க்க வேண்டும். ராஸ்பெர்ரி வேருக்கு ஈரம் பிடிக்கும், தேக்கம் பிடிக்காது. தண்ணீர் நின்றால் வேர் அழுகும். வடகிழக்குப் பருவமழையின் நடுவில் நம் பக்கம் என்ன ஆகும் என்று 2006 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். மழை முடிகிற காலம் என்று நினைத்திருந்த 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் யோங் பெங்கும் மூழ்கியதையும் பார்த்தோம். ஆகவே பெருமழை முழுதும் ஓய்ந்தபின், மாலை மழை மட்டும் பெய்யும் வாரமாகப் பார்த்து நடுங்கள். எந்த மாதமானாலும் தரையில் நடாமல், ஒரு முழத்துக்குக் குறையாத மேட்டுப் பாத்தி கட்டி அதில் நடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மண் கறுப்பு. வளமான மண்தானே, அப்படியே நடலாமா?
*– வாசகர், பாரிட் சூலோங்*

கறுப்பு எல்லாம் வளம் இல்லை. நம் வட்டாரத்தில் தாழ்வான பல இடங்களில் இருப்பது மக்காத இலையும் வேரும் சேர்ந்த சதுப்பு மண். புளிப்பு மிகுந்தது, கார அமில அளவு 3, 4 என்றே இருக்கும். ராஸ்பெர்ரி கேட்பது 5.5 முதல் 6.5. தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கலந்து, மக்கிய எரு சேர்த்து, பிறகு நடுங்கள். பச்சைக் கோழி எரு போடாதீர்கள், அந்தச் சூடு வேரைச் சுட்டுவிடும். செம்பனைக் குலையின் பழம் உதிர்த்த சக்கை கிடைத்தால் மேலே மூடாக்காகப் போடலாம்.

கேள்வி: தரையே இல்லை, அடுக்குமாடி வீடு. ஆயர் ஈத்தாமில் வாங்கிய அழகான பளபளப்புச் சாடி ஒன்று இருக்கிறது. அதில் வைக்கலாமா?
*– வாசகி, ஜொகூர் பாரு*

கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஓட்டை இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் அது செடிக்கு வீடு இல்லை, கிணறு. செங்கல் துளைக்கும் ஊசியால் மெதுவாக ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பூச்சுப் பூசாத சுட்ட மண் தொட்டி இன்னும் நல்லது. அதன் உடம்பு மூச்சு விடும், வேர் குளிர்ச்சியாக இருக்கும். வாய் இரண்டு சாண் அகலமாவது இருக்கட்டும். காலை வெயில், மதியம் நிழல்.

முன்பெல்லாம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பேருந்துகள் எங்கள் ஊரில் நிற்கும்; இறங்கியவர்கள் கையில் சாடியோடுதான் ஏறுவார்கள். 1994-இல் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகு அந்தக் கூட்டம் குறைந்தது. வழி விலகி வந்து வாங்குகிறீர்களே, அதற்கு ஊர்க்காரியாக என் நன்றி.

கேள்வி: பழத்தைச் செங்காயாகப் பறித்து வைத்தால் பழுக்குமா?
*– வாசகி, குளுவாங்*

பழுக்காது. மாம்பழத்துக்கு உள்ள குணம் இதற்கு இல்லை. செடியில் பழுத்து, தொட்டதும் கழன்று வருவதே பழம்.

கேள்வி: நட்டு ஒரு வாரம் ஆனது. இலையெல்லாம் தொங்கி உதிர்கிறது. செத்துவிட்டதா?
*– வாசகர், சிம்பாங் ரெங்காம்*

தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை உதிர்ந்ததைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள். பெயர்த்த செடிகள் பல சாவது தாகத்தால் இல்லை, அன்பால். மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். தண்டே காய்ந்தாலும் ஆறு வாரம் பொறுங்கள். வேரிலிருந்து குருத்து வரலாம்.

கேள்வி: பழைய காய்கறிப் பாத்தியில் ராஸ்பெர்ரி வைக்கலாமா?
*– வாசகர், பிரிஞ்சாங்*

அந்தப் பாத்தியில் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் இருந்திருந்தால் வேண்டாம். அவற்றை வாட்டும் மண் பூஞ்சை ராஸ்பெர்ரியையும் வாட்டும். மூன்று நான்கு ஆண்டு இடைவெளி விடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: முதலில் எழுதியவள் நான்தான். அப்பாவிடம் கேட்டேன். பழத்தில் குழி இருக்கிறதாம். ஓர் இலைக்கு ஐந்து, சில இலையில் ஏழு சிற்றிலை. பூ வெள்ளை, பெரியது. தண்டில் மாவு இல்லை. அம்மா உயிரோடு இருந்தபோது வேலிக்காக வைத்தாராம். அப்பாவுக்கு அது வெறும் 'முள்ளுப்பழம்'. கொண்டு வரலாமா?
*– அதே வாசகி, ஆயர் ஈத்தாம்*

கொண்டு வரலாம். நீங்கள் எழுதிய நான்கு பதிலும் ஒரே செடியைக் காட்டுகின்றன: ரோஜா இலை ராஸ்பெர்ரி. பனி கேட்காத செடி, மலையில் இருப்பதால் நாட்டின் எல்லையையும் தாண்ட வேண்டியதில்லை.

அப்பாவிடம் இரண்டே கன்று எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று தவறினால் ஒன்று இருக்கும். மேலே சொன்ன மாதிரி ஒரு சாணுக்கு வெட்டி, மண்ணோடு ஈரச் சாக்கில் கட்டி, காரின் பின்பெட்டியில் பூட்டாமல் ஆள் உட்காரும் பக்கம் வையுங்கள். தாப்பா வழியாக இறங்கி இங்கே வந்து சேர ஒரு பகல் ஆகும். நடுவழியில் ஒருமுறை சாக்கை நனையுங்கள். இங்கே நேராக வெயிலில் வைக்காதீர்கள். மலைக்குளிரில் இருந்த செடி, முதலில் அஞ்சடி நிழலில் இரண்டு வாரம் இருக்கட்டும். பிறகு மேட்டுப் பாத்தியில், மதிய நிழல் விழும் மூலையில் நடுங்கள். மலையில் காய்த்த அளவு இங்கே காய்க்காது, அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பறவைக்கு முன்னால் பழத்தைப் பறித்துவிடுவதும், வேலியைத் தாண்டும் கன்றைப் பிடுங்குவதும் உங்கள் பொறுப்பு.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கன்றிலும் ஒரு பேர் அட்டை கட்டுங்கள். ரூபஸ் ரோசிஃபோலியஸ் என்று ஒரு வரி, எடுத்த இடமும் தேதியும் ஒரு வரி. அதற்கு மேலே, முதல் வரியாக, 'முள்ளுப்பழம், அம்மா வைத்தது' என்று எழுதுங்கள். அப்பா கையாலேயே எழுதட்டும்.